உலாவியை மாற்றியவர் யார்? குமரி மாவட்டக் கணினி மையம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியை (பிரவுசரை) ஒருவர் ஏன் மாற்றுகிறார் என்று கேட்டால் வேகம், பாதுகாப்பு, அந்தரங்கம், விளம்பரத் தொல்லை என்று நான்கு காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவை பொய்யல்ல. ஆனால் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்திப்பில் இயங்கும் கணினி மையத்தில் 2023 தொடக்கம் முதல் 2025 இறுதி வரை நடந்த மாற்றங்களைக் கவனித்துவந்தபோது, ஒருவரைத் தவிர மற்றவர்களிடம் இந்த நான்கில் எதுவும் முதல் காரணமாக இருக்கக் காணவில்லை. எடுத்த வேலை பாதியில் நின்றுபோனதே ஏறக்குறைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொடக்கமாக இருந்தது. மாறிய பிறகும் பழைய உலாவி கணினியிலிருந்து நீக்கப்படவில்லை; எந்த வேலை எதில் ஓடும் என்ற பாகப்பிரிவினை மட்டுமே நடந்தது. அந்தப் பிரிவினை எப்படி உருவானது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

மையமும் வாடிக்கையாளர்களும்

மையத்தில் நான்கு கணினிகள் உள்ளன. 2023 தொடக்கத்தில் அவற்றில் இரண்டு விண்டோஸ் 7-இலும் இரண்டு விண்டோஸ் 10-இலும் இயங்கின. உரிமையாளர் கல்லாவையும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ள, இணைய வேலைகள் முழுவதையும் நெடுநாளாக அங்கே பணிபுரியும் ஒரு பெண் ஊழியர் கவனிக்கிறார். கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. மையத்தின் பெயரையும் அங்கு வருவோரின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைச் சேர்ந்த வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் விண்ணப்பங்களே அன்றாட வேலைகளில் பெரும்பங்கு. அடுத்ததாக, வளைகுடா வேலைக்கும் வெளிநாட்டுச் செவிலியர் பணிக்கும் செல்வோரின் கடவுச்சீட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு விண்ணப்பங்கள் வரும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்பதால் அங்குள்ள கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் மே, ஜூன் மாதங்களில் கூட்டமாக வருவார்கள். ஊராட்சிச் சாலை, ஓடை வேலைகளை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்ததாரர்கள், டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒப்பந்தப்புள்ளி முடியும் நாளன்று மாலையில்தான் பெரும்பாலும் வந்து சேருவார்கள்.

இவர்களில் எவரும் ஓர் உலாவியைப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. "கூகுள்ல போட்டுப் பாரு மக்ளே" என்பது முதியவர்களின் வழக்கமான வேண்டுகோள். இளையவர்கள் "அக்கா, சைட் ஓப்பன் ஆவல்ல" என்பார்கள். திரையில் இருப்பது குரோமா, ஃபயர்ஃபாக்ஸா, எட்ஜா என்பது அவர்கள் பார்வையில் படுவதே இல்லை. ஆகவே பயனர் உலாவியை மாற்றுகிறார் என்று சொல்லும்போது, அந்தப் பயனர் யார் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே ஓர் ஊழியரின் முடிவு அங்கு வரும் அத்தனை பேருக்குமான முடிவாக இருந்தது. வீடுகளிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. விண்டோஸ் போட்டுக்கொடுத்த பக்கத்து வீட்டுத் தம்பி எதை நிறுவினாரோ அதுவே அந்த வீட்டின் உலாவி. உலக அளவில் இணையப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குரோம் வழியாக நடக்கிறது என்ற கணக்கை வாசிக்கும்போது, அத்தனை பேரும் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்துகொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விண்டோஸ் 7 கணினிகளில் நடந்தது

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. கட்டணம் செலுத்திய நிறுவனங்களுக்கு வழங்கிவந்த நீட்டிப்பும் 2023 ஜனவரி 10-இல் முடிந்தது. அதை ஒட்டியே குரோமும் தன் எல்லையை வகுத்துக்கொண்டது. விண்டோஸ் 7-இலும் 8.1-இலும் ஓடக்கூடிய கடைசிக் குரோம் 109-ஆம் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வெளிவந்த 110-ஆம் பதிப்புக்கு விண்டோஸ் 10 கட்டாயம். இயங்குதளத்தைத் தயாரித்தவரே கைவிட்ட பிறகு அதன் மேல் ஓடும் உலாவியை மட்டும் பாதுகாப்பாக வைத்திருக்க இயலாது என்பதால், இந்த முடிவைக் குறை சொல்வதற்கில்லை.

இந்த வகை முடிவின் இயல்பு என்னவென்றால், அது நடைமுறைக்கு வந்த நாளில் எதுவும் நிற்காது. உலாவியின் மேற்பகுதியில், இனி புதுப்பிப்புகள் கிடைக்க மாட்டா என்ற ஒரு பட்டை மட்டும் தோன்றும். ஊழியர் அதைக் காலையில் ஒருமுறை மூடிவிட்டு வேலையைத் தொடங்குவார். பிறகு ஓராண்டுக்கும் மேலாக எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. இணையதளங்களைக் கட்டுபவர்கள் பக்கங்களை இயக்கவும் அழகமைக்கவும் உதவும் புதிய ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் வசதிகளை உடனே பயன்படுத்துவதில்லை. பழைய பதிப்புகளில் இருப்பவர்கள் குறைந்த பிறகே அவற்றில் சோதித்துப் பார்ப்பதை விடுகிறார்கள். எனவே தேக்கத்தின் விளைவு தாமதமாகவும், ஒவ்வொரு தளத்தில் ஒவ்வொரு சமயத்திலும் தெரியவருகிறது.

இங்கே அது 2024-இன் நடுவில் ஒரு விண்ணப்பப் படிவத்தில் முதலில் தெரிந்தது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அடுத்த பெட்டியில் தாலுகாக்களின் பட்டியல் வந்து விழ வேண்டும். பெட்டி வெறுமையாகவே நின்றது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. அழுத்தினால் பெட்டி திறந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஊழியர் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்துவிட்டு "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். நம் ஊர்க் கணினி மையங்களில் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்காத கோளாறே கிடையாது. மறுநாள் தற்செயலாக அதே படிவத்தை விண்டோஸ் 10 கணினியில் திறந்தபோது தாலுகாக்கள் வரிசையாக வந்தன. கோளாறு இணையதளத்தில் இல்லை, நம் கணினியில்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. வேலை நின்றுபோவதும், அதே வேலை வேறோரிடத்தில் நடப்பதைக் கண்ணால் காண்பதும் சேர்ந்தபோதுதான் மாற்றத்துக்கான மனநிலை பிறந்தது. முதலாவது மட்டும் இருந்தவரை பழி சர்வர் மேல் போய்க்கொண்டிருந்தது.

புதிய கணினி வாங்கும் பேச்சை உரிமையாளர் ஒத்திவைத்தார். பழைய ஸ்கேனருக்கும் பிரிண்டருக்கும் புதிய விண்டோஸில் டிரைவர் கிடைக்காது என்பது அவருடைய கவலை. அதனால் அந்த இரண்டு கணினிகளிலும் ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115-ஐ நிறுவினோம். 2023 ஜூலையில் வெளிவந்த அந்தப் பதிப்பே விண்டோஸ் 7-இல் இயங்கும் கடைசி ஃபயர்ஃபாக்ஸ். ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களின் முடிவுத் தேதியை, அதைத் தயாரிக்கும் மோசில்லா பலமுறை தள்ளிவைத்தது. இன்னொரு வசதியும் உண்டு. இணையதளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலை ஃபயர்ஃபாக்ஸ் தன்னிடமே வைத்திருக்கிறது, விண்டோஸின் பட்டியலைச் சார்ந்திருப்பதில்லை. புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் இது சிறிய வசதி அன்று.

புதிய உலாவியை முதன்முறையாகத் திறந்தபோது ஊழியர் வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புக்மார்க்குகள் எங்கே, பாஸ்வேர்டுகள் எங்கே, தமிழ் எப்படி அடிப்பது என்ற மூன்றே கேள்விகளைக் கேட்டார். முதல் இரண்டையும் பழைய உலாவியிலிருந்து இறக்குமதி செய்வது சில நிமிட வேலை. மூன்றாவதுதான் இழுத்தடித்தது. ஆங்கில எழுத்துகளில் அம்மா என்று அடித்தால் தமிழில் விழும் முறையில் அவர் பழகியிருந்தார். அது குரோமின் ஒரு நீட்சியாக, அதாவது உலாவியோடு ஒட்டவைக்கும் சிறு மென்பொருளாக மட்டுமே அங்கே இருந்தது. சான்றிதழ் விண்ணப்பங்களில் பெயரையும் தகப்பனார் பெயரையும் தமிழிலும் நிரப்ப வேண்டியிருப்பதால், அது இல்லாமல் ஒரு படிவம்கூட முடியாது. கடைசியில் விண்டோஸ் முழுவதற்கும் பொதுவாக இயங்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான என்எச்எம் ரைட்டரை நிறுவிய பிறகே ஃபயர்ஃபாக்ஸ் நிலைத்தது. அதன் பின் எந்த உலாவியைத் திறந்தாலும் அவர் கைக்குப் பழகிய விசைப்பலகை அங்கே இருந்தது. ஒரு கருவி உலாவிக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது, உலாவியை மாற்றுவதன் கடினத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பதை இந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பாகவே கருதுகிறேன்.

டோக்கனும் முப்பது நாள் கெடுவும்

யுஎஸ்பி டோக்கனில் உள்ள கையொப்பத்தை இணையப் பக்கம் ஒன்று நேரடியாகத் தொட முடியாது. இடையில் ஒரு மென்பொருள் வேண்டும். பல ஆண்டுகளாக அந்த இடத்தில், மைக்ரோசாஃப்டின் பழைய உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆக்டிவ்எக்ஸும் மற்ற உலாவிகளில் ஜாவா ஆப்லெட்டும் இருந்தன. ஆப்லெட்டைத் தாங்கிய பழைய செருகுநிரல் முறையைக் குரோம் 2015 செப்டம்பரிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சிலும் கைவிட்டன. பல தளங்கள் தனி மென்பொருளுக்கு மாறிக்கொண்டன. சில தளங்கள் எக்ஸ்புளோரரையே நம்பியிருந்தன. 2022 ஜூன் 15-இல் எக்ஸ்புளோரர் 11 ஓய்வு பெற்றது. 2023 பிப்ரவரி 14-இல் வந்த எட்ஜ் புதுப்பிப்பு, விண்டோஸ் 10-இல் அதை நிரந்தரமாக முடக்கியது. அதன் பின் நீல நிற e சின்னத்தை அழுத்தினால் எட்ஜ் திறந்துகொண்டது. இந்த மையத்தில் நடந்த மாற்றங்களில் யாருடைய சம்மதமும் கேட்கப்படாமல் நடந்தது இது ஒன்றுதான்.

பழைய தளங்களை எக்ஸ்புளோரரில் திறப்பது போலவே திறக்க, எட்ஜுக்குள் எக்ஸ்புளோரர் முறை என்ற ஏற்பாடு இருக்கிறது. 2029 வரையாவது அதைத் தொடர்வதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆனால் பயனர் தாமாகச் சேர்க்கும் ஒரு பக்கம் அந்த முறையில் முப்பது நாள் மட்டுமே நிலைக்கும். முப்பது நாள் கழிந்ததும் அதே பக்கம் சாதாரண எட்ஜில் திறக்கும். கையொப்பமிடும் பொத்தான் செத்துக் கிடக்கும். முதல் தடவை இது நேர்ந்தபோது ஒப்பந்ததாரர் டோக்கன் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதியது வாங்கப் புறப்பட்டுவிட்டார். காரணம் புரிந்த பிறகு ஊழியர் செய்தது எளிமையானது. சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில், பக்கத்தைச் சேர்த்த நாளிலிருந்து முப்பதாம் நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு 'டோக்கன்' என்று எழுதிவைத்தார். அந்த வட்டம் ஒவ்வொரு மாதமும் ஒன்றிரண்டு நாள் நகர்ந்துகொண்டே போகிறது. ஒரே ஒரு வேலைக்காக எட்ஜ் அந்தக் கணினியில் நிரந்தரமாக இடம்பிடித்தது இப்படித்தான்.

தவறான நோயறிதல், கிடைத்துவிட்ட குணம்

மேலே கண்ட இரண்டிலும் மாற்றத்தின் காரணம் சரியாக அறியப்பட்டிருந்தது. அடுத்து வருபவை அப்படிப்பட்டவை அல்ல.

கேரளக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்த மாணவிக்குப் படிவம் பாதியில் உறைந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி மலையாளப் பக்கத்தைத் தமிழில் காட்டும் தானியங்கி மொழிபெயர்ப்பை ஊழியர் சில நாள் முன்பு நிரந்தரமாக இயக்கிவைத்திருந்தார். அந்த வசதி பக்கத்தின் எழுத்துகளை இடத்திலேயே மாற்றி எழுதுகிறது. பக்கத்தின் உள்ளமைப்பைத் தானே கட்டுப்படுத்தும் நவீனப் படிவங்கள், தங்களுக்குத் தெரியாமல் எழுத்து மாறியிருப்பதைக் கண்டு நிலைகுலைந்துபோகும். மொழிபெயர்ப்பை அணைத்திருந்தால் போதும். அதற்கு முன்பே படிவம் ஃபயர்ஃபாக்ஸில் திறக்கப்பட்டது. அங்கே மொழிபெயர்ப்பு தானாக நடக்காததால் விண்ணப்பம் சிக்கலின்றி முடிந்தது. "கேரளா சைட்டுக்கு ஃபயர்ஃபாக்ஸ்" என்ற விதி அன்று உருவாகி, இன்றும் அந்த மையத்தில் நிலவுகிறது. விதிக்கான காரணம் தவறு. விதி மட்டும் ஒவ்வொரு ஜூன் மாதமும் சரியாக வேலை செய்கிறது.

விரல்ரேகைக் கருவியின் கதையும் இதே வகை. ஆதார் சரிபார்ப்புக்கான கருவிகள், கணினிக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில், 11100 முதல் 11120 வரையிலான எண் கொண்ட ஒரு வாயிலில் (போர்ட்டில்) ஒரு சிறு சேவையை இயக்குகின்றன. இணையப் பக்கம் அந்த வாயிலைத் தட்டித்தான் விரல்ரேகையைப் பெறுகிறது. வெளியிலிருந்து வரும் ஒரு பக்கம் கணினிக்குள் இருக்கும் சேவைகளை இப்படித் தட்டிப் பார்ப்பது ஆபத்தானது என்பதால், 2025 இறுதியில் குரோம் அதற்குப் பயனரின் அனுமதியைக் கேட்கத் தொடங்கியது. எதிர்பாராமல் தோன்றும் எந்தப் பெட்டியையும் மறுத்துவிடும் நல்ல பழக்கம் நம் ஊழியருக்கு உண்டு, அதையும் மறுத்தார். கருவி இணைக்கப்படவில்லை என்ற செய்தி வந்தது. யுஎஸ்பி வடத்தைக் கழற்றி மாட்டினார், கருவியின் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு வேறோர் உலாவியைத் திறந்தார். அங்கே அந்தக் கேள்வியே எழாததால் விரல்ரேகை உடனே பதிந்தது. அந்த ஒரு மறுப்பைத் திரும்பப் பெற்றதும் குரோமிலும் பதிந்தது என்றாலும், அதன்மேல் விழுந்த சந்தேகம் எளிதில் போகவில்லை.

வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்களிடம் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். தேர்வு முடிவு, திரைப்படம் என்று தேடிப்போன இடத்தில் அறிவிப்புகளுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார்கள்; பிறகு கணினியில் வைரஸ் இருப்பதாகத் திரையின் மூலையில் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். உலாவியில் வைரஸ் ஏறிவிட்டது என்று நினைத்து வேறொன்றுக்கு மாறுவார்கள். தொல்லை உடனே நிற்கும், வேகமும் கூடும். புதிய உலாவியில் அனுமதிகள் இல்லை, நீட்சிகள் இல்லை, சேர்ந்துபோன குப்பை இல்லை என்பதே அதற்குக் காரணம். மாற்று உலாவிகளுக்குக் கிடைக்கும் வேகமானது என்ற நற்பெயரில் கணிசமான பங்கு இந்த வெறுமைக்குச் சேர வேண்டியது.

ஒரே எஞ்சின், பல பெயர்கள்

எந்த மாற்றம் உண்மையான மாற்றம் என்று பிரித்தறிய, உலாவியின் உள்ளிருந்து பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சினைப் பார்க்க வேண்டும். குரோம், 2020 ஜனவரிக்குப் பிந்தைய எட்ஜ், பிரேவ், 2013-இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்ட ஓபெரா ஆகிய அனைத்தும், குரோமுக்கு அடிப்படையான திறந்த மென்பொருள் குரோமியத்தின் பிளிங்க் எஞ்சினில் ஓடுகின்றன. ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோவும் ஆப்பிளின் வெப்கிட்டும் மட்டுமே பெரிய விதிவிலக்குகள். தளம் ஒன்று வரையப்படும் விதத்தில் கோளாறு இருந்தால், குரோமிலிருந்து பிரேவுக்கு மாறுவதில் பயன் இருக்காது. விளம்பரம், அந்தரங்கம், தோற்றம் ஆகியவற்றுக்காக மாறுவதானால் அது போதும்.

விளம்பரத்துக்காக மாறியவர் என்று இந்த ஆய்வில் சொல்லத்தக்கவர் ஒருவரே. மாலையில் வந்து தேர்வுக்குப் படிக்கும் கல்லூரி மாணவர். நீட்சிகளுக்கான பழைய விதிமுறையைக் குரோம் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தியதால், அவர் பயன்படுத்திய விளம்பரத் தடுப்பு நீட்சியான யூபிளாக் ஆரிஜின் முடக்கப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் பழைய முறையையும் தொடர்ந்து ஆதரிப்பதை அறிந்து, தாமாகவே அதற்கு மாறினார். உலாவியின் பெயரைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, திரும்பி வராமல் மாறிய ஒரே பயனர் அவர்.

சோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட உலா என்ற உலாவி, மத்திய மின்னணுத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் ஒரு கோடி ரூபாய் முதல் பரிசைப் பெற்றது. நம் மாநிலத்து நிறுவனம் என்ற பற்றில் உரிமையாளர் அதை ஒரு கணினியில் நிறுவச் சொன்னார். அதுவும் குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதால் தளங்கள் வழக்கம்போலத் திறந்தன. எதுவும் கெடவில்லை என்பதாலேயே எதுவும் மாறவும் இல்லை. சில வாரங்களில் அந்தச் சின்னம் திரையில் இருந்தபடியே மறக்கப்பட்டது. அதில் நின்றுபோன வேலை எதுவும் இல்லை, வேறெங்கும் நின்றுபோய் அதில் மட்டும் நடந்த வேலையும் இல்லை. இத்தனைக்கும், டோக்கனைக் கொண்டு உலாவிக்குள்ளேயே ஆவணங்களில் கையொப்பமிடும் வசதி அந்தப் போட்டியின் எதிர்பார்ப்புகளில் ஒன்று. அந்த வசதியை ஒப்பந்தப்புள்ளித் தளங்கள் ஏற்கும் நாளில், சிவப்பு வட்டம் போடும் வேலை மிச்சமாகும் என்பதற்காகவே ஊழியர் அந்த உலாவிக்கு மாறிவிடுவார். பற்றால் நடக்காதது வசதியால் நடக்கும்.

கைபேசிகளில் கதை சுருக்கமானது. குறைந்த தரவில் பக்கங்களைச் சுருக்கித் தந்ததால் பரவலாக இருந்த யூசி பிரவுசர், 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் ஒன்றாகப் போயிற்று. அதைப் பயன்படுத்தியவர்கள் தேடிப் பார்த்து இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. கைபேசியில் ஏற்கெனவே இருந்த குரோமைத் தொட்டார்கள். முன்பே நிறுவப்பட்டிருப்பதன் வலிமை இது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தன் செயலிகளைத் தொகுப்பாக நிறுவச் செய்தது தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, குரோமுக்கு அதனால் கிடைத்த அனுகூலத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இப்போதைய ஏற்பாடு

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-இன் ஆதரவு முடிந்ததை ஒட்டி, ஒரு விண்டோஸ் 10 கணினி விற்கப்பட்டு அதன் இடத்தில் விண்டோஸ் 11 கணினி வந்தது. பெட்டியைத் திறந்ததும் எட்ஜ் வழியாகக் குரோமைப் பதிவிறக்கி, கூகுள் கணக்கில் நுழைந்ததும் புக்மார்க்குகளும் பாஸ்வேர்டுகளும் தாமாக வந்து சேர்ந்தன. ஊழியர் பெரும்பாலான வேலைகளுக்குக் குரோமுக்கே திரும்பியதற்கு இந்த ஒத்திசைவைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் தங்கள் வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ நுழைய வேண்டியிருந்தால் அதற்குக் குரோம் பயன்படுத்தப்படுவதில்லை. மூடியதும், யார் நுழைந்திருக்கிறார் என்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் வரலாற்றையும் அழித்துவிடும்படி அமைத்த ஃபயர்ஃபாக்ஸ் அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. முந்தையவரின் கணக்கு திறந்தபடியே அடுத்தவருக்குத் தெரிந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு உரிமையாளர் இதைக் கண்டிப்பாக்கினார். அந்தரங்கம் என்ற காரணம் இந்த மையத்துக்குள் நுழைந்ததும் நின்றுபோன ஒரு வேலையின் வழியாகவே. அன்று அந்த அடுத்தவர் பணம் செலுத்தாமல் எழுந்து போய்விட்டார்.

மீதமுள்ள விண்டோஸ் 10 கணினியில் எட்ஜும் டோக்கனும் தொடர்கின்றன. குரோம் இன்னும் விண்டோஸ் 10-ஐ ஆதரிப்பதால் அங்கே உடனடி நெருக்கடி இல்லை. விண்டோஸ் 7 கணினிகள் இரண்டிலும் ஃபயர்ஃபாக்ஸ் 115 ஓடிக்கொண்டிருந்தாலும், அதற்கான திருத்தங்களும் ஒருநாள் நிற்கும் என்பதால், பணம், ஆதார், கடவுச்சொல் சார்ந்த எந்த வேலையையும் அவற்றில் இனிச் செய்வதில்லை என்று முடிவாகியிருக்கிறது. தட்டச்சுக்கும் ஸ்கேனுக்கும் பிரிண்டுக்கும் மட்டும் அவை பயன்படுகின்றன; பழைய பிரிண்டர் பழுதாகும் வரை அந்த ஏற்பாடு தொடரும் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார்.